நட்சத்திரம் எண்ணியவருக்குக் கணக்கு வரவில்லை!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



இந்த மலருக்கு மறைந்த பிரபலம் ஒருவரின் வாழ்க்கையை யாராவது எழுதித் தர வேண்டும் என்று பேரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். காந்தி, எடிசன், அப்துல் கலாம் மூவரையும் மூன்று பேர் முதல் நாளே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய் லவ்கிராஃப்ட் என்றேன். யாருடா அது, லேத் கம்பெனி முதலாளியா என்று மலர்க்குழு அண்ணன் கேட்டார். இல்லண்ணே, பேய்க்கதை மாதிரி எழுதினவரு, ஆனா பேயே கிடையாதுன்னு சொன்னவரு என்றேன். சரி, எழுதிக் கொண்டா பார்ப்போம் என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்த ஆள் எனக்கு எப்படிக் கிடைத்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுதியில் எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த சீனியர் காலி பண்ணிக்கொண்டு போனபோது, அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் கதைப் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கோ பயமுறுத்துகிற கதை என்றால் உயிர். எங்க ஆயா புளியமரத்து முனி, கிணற்றில் விழுந்த புதுப்பொண்ணு என்று ஆரம்பித்தால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில்தான் கிடப்பார்கள். ஆனால் இது இங்கிலீஷ். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவனே நான்தான், அர்த்தம் கேட்க ஆள் கிடையாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கதையைப் படித்து முடிக்க எனக்குப் பதினோரு ராத்திரி ஆனது. அந்த மனுஷன் போடுகிற வார்த்தையில் பாதி என்னுடைய அகராதியிலேயே இல்லை! ஆனால் பன்னிரண்டாவது ராத்திரி லைட்டை அணைக்கத் தைரியம் வரவில்லை. சரி, யாருதான் இந்த ஆள் என்று தேட ஆரம்பித்தேன்.

ஹோவர்டு பிலிப்ஸ் லவ்கிராஃப்ட் 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். அப்பா வெள்ளிச் சாமான் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. 1893இல், பையனுக்கு மூன்று வயது நிறையும் முன்பே, சிகாகோவில் தங்கியிருந்த ஓட்டல் அறையில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஊருக்குக் கொண்டுவந்து மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஐந்து வருடம் அங்கேயே இருந்து 1898இல் இறந்தார். அம்மாவும் பையனும் தாத்தா வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

தாத்தா விப்பிள் பிலிப்ஸ் பெரிய தொழிலதிபர். ராத்திரியில் பேரனை உட்காரவைத்து, தானே இட்டுக்கட்டிய பயங்கரக் கதைகளைச் சொல்வாராம். எங்க ஆயாவுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம்தான். அவர் வீட்டில் நூலகம் இருந்தது! பையன் ஐந்து வயதில் அரபுக் கதைகளைப் படித்துவிட்டுத் தனக்கே அப்துல் அல்ஹஸ்ரட் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு விளையாடினான். பெரியவரான பிறகு அதே பெயரைத் தன் கதைகளில் வருகிற நெக்ரோனமிக்கான் என்ற மந்திரப் புத்தகத்தை எழுதியவருக்கு வைத்தார். அது முழுக்கக் கற்பனை. ஆனால் நிஜமாகவே அப்படி ஒரு நூல் இருப்பதாக நம்பிப் புத்தகக் கடையிலும் நூலகத்திலும் கேட்டவர்கள் ஏராளம்.

எட்டு வயதில் எட்கர் ஆலன் போவின் கதைகள் கையில் கிடைத்தன. அதே வயதில் வேதியியல் பைத்தியமும் பிடித்தது. வீட்டின் நிலவறையில் குடுவை, அமிலம், அடுப்பு என்று ஒரு ஆய்வுக்கூடமே போட்டுவிட்டான். அதைவிடப் பெரிய பைத்தியம் வானியல். பன்னிரண்டு வயது வாக்கில் வந்தது, கடைசிவரை போகவில்லை. தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வானத்தைப் பார்ப்பான். பிரவுன் பல்கலைக்கழகத்தின் லாட் வானாய்வுக்கூடத்திலும் அவனை உள்ளே விட்டார்கள். பார்த்ததை எழுதி 1903இல் சொந்தமாக ஒரு வானியல் பத்திரிகையே நடத்தினான். அச்சகம் ஏது? ஹெக்டோகிராஃப்தான். தட்டில் ஜெலட்டினை ஊற்றி உறையவைத்து, தனி மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒட்டி எடுத்தால் மை ஜெலட்டினில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டியதுதான். நாற்பது, ஐம்பது பிரதி தாண்டினால் எழுத்து மங்கிப்போகும். பதிமூன்று வயதுப் பையன் ஜெலட்டின் தட்டை வைத்துக்கொண்டு தனியாளாகப் பத்திரிகை நடத்தியிருக்கிறான். நாம் ஒரு மலர் கொண்டுவர இத்தனை கமிட்டி போடுகிறோம்!

சிவில் நண்பர்கள் கவனிக்க. இந்தக் குடும்பம் நொடித்ததே நீர்ப்பாசனத் திட்டத்தில்தான். தாத்தா தூரத்தில் ஐடஹோ மாநிலத்தில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற கம்பெனியில் பணத்தைக் கொட்டியிருந்தார். ஒரு தடவை வெள்ளம் அணையையே அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார். மறுபடி சேதம். 1904இல் அந்தக் கவலையிலேயே பக்கவாதம் வந்து இறந்துபோனார். வீடு, வண்டி, வேலைக்காரர்கள் எல்லாம் போயாயிற்று. அம்மாவும் பையனும் பக்கத்திலேயே ஒரு சின்ன வாடகைப் பகுதிக்குக் குடிபோனார்கள்.

பதினாலு வயதுப் பையனுக்கு வாழவே பிடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களைப் பிற்காலத்தில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தெரிந்துகொள்ள வேண்டியது உலகத்தில் இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறதே என்ற ஆசைதான் அவரைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பியதாம்.

பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் நன்றாகவே வந்தன. 1906இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் அவருடைய கடிதம் ஒன்று வெளியானது. நெப்டியூனுக்கு அப்பாலும் கோள்கள் இருக்கக்கூடும், வானாய்வுக்கூடங்கள் சேர்ந்து புகைப்படம் எடுத்துத் தேட வேண்டும் என்பது விஷயம். அந்த வருடமே உள்ளூர்ப் பத்திரிகையில் வானியல் பத்தியும் எழுத ஆரம்பித்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வானியல் பேராசிரியர் ஆவது என்று முடிவே செய்துவிட்டார்.

கவிழ்த்தது அல்ஜீப்ரா! வானியல் என்றால் நட்சத்திரம் பார்ப்பது மட்டும் அல்ல, முக்கால்வாசி கணக்கு. அது அவருக்கு ஏறவே இல்லை. கட்டிப்பிடித்து உருண்டு பார்த்தார். ஏற்கெனவே நரம்புத் தளர்ச்சி. 1908இல் உடம்பும் மனசும் மொத்தமாக விழுந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே நின்றுவிட்டார். அங்கே பள்ளி முடித்தால் கொடுக்கிற சான்றிதழுக்கும் டிப்ளமோ என்றுதான் பெயர். அந்த டிப்ளமோ அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் நிற்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு நான் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகவில்லை.

அடுத்த ஐந்து வருடம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். பகலில் தூக்கம், ராத்திரியில் படிப்பு. பெரும்பாலும் மலிவான கதைப் பத்திரிகைகள்தான். அன்றைய அமெரிக்காவில் சொரசொரப்பான மட்டத் தாளில் அச்சடித்து, துப்பறிதல், மாயம், செவ்வாய்க் கிரகம் என்று சக்கைப்போடு போட்ட இதழ்கள். இவர் அதற்கு வெறிபிடித்த வாசகர். பிடிக்காததைத் திட்டி ஆசிரியருக்குக் கடிதம் போடுகிற வாசகரும்கூட! 1913இல் ஆர்கஸி என்ற இதழில் ஒருவர் எழுதிய காதல் கதைகளைக் கிழிகிழி என்று கிழித்து எழுதினார். அந்த எழுத்தாளரின் ரசிகர்கள் பதிலுக்குப் பாய, இவர் செய்யுளாகவே எழுதித் திருப்பி அடிக்க, சண்டை மாதக்கணக்கில் நடந்தது. அந்தச் சண்டைதான் இவர் வாழ்க்கையையே மாற்றியது. கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் யுனைட்டெட் அமெச்சூர் பிரஸ் அசோசியேஷனில் சேர அழைத்தார். 1914இல் சேர்ந்தார்.

அது என்ன சங்கம் என்றால், ஊர் ஊராக இருக்கிற சாதாரண ஆட்கள் தாங்களே சின்னச் சின்னப் பத்திரிகை அச்சடித்து, காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். லாபம் கிடையாது, பெயர் கிடையாது, எழுதுகிற ஆசை மட்டும்தான். லவ்கிராஃப்டும் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பிறகு சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். ஐந்து வருடம் யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்த மனிதருக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்கள் தூண்டிவிட்டுத்தான் மறுபடி கதை எழுதத் தொடங்கினார்.

1919இல் அம்மாவுக்கும் மனநிலை சரியில்லாமல் போய், அப்பா இருந்த அதே பட்லர் மருத்துவமனைக்குப் போனார். 1921இல் காலமானார். சில வாரங்கள் கழித்து பாஸ்டன் நகரில் நடந்த சங்க மாநாட்டில் சோனியா கிரீனைச் சந்தித்தார். யூக்ரைனில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்த யூதப் பெண். தொப்பித் தொழிலில் நல்ல சம்பாத்தியம். இவரைவிட ஏழு வயது மூத்தவர். 1924 மார்ச் 3ஆம் தேதி நியூயார்க்கில் கல்யாணம்.

கல்யாணத்துக்கு ரயில் ஏறப் போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. வியர்ட் டேல்ஸ் என்ற பத்திரிகை 1923இல் தொடங்கியிருந்தது. அதற்காக மாய வித்தைக்காரர் ஹூடினியின் பெயரில் ஒரு கதை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார். டைப் அடித்து முடித்த அந்தக் கதையை பிராவிடன்ஸ் ரயில் நிலையத்தில் தொலைத்துவிட்டார்! நல்ல வேளையாகக் கையெழுத்துப் பிரதி பையில் இருந்தது. பிலடெல்பியாவுக்குத் தேனிலவு போன புதுமணத் தம்பதி, டைப்ரைட்டரை வாடகைக்குப் பிடித்து, மனைவி வாசிக்க வாசிக்கக் கணவன் டைப் அடித்தார்.

அதற்குப் பிறகு நியூயார்க்கில் நல்லதே நடக்கவில்லை. சோனியாவின் தொப்பிக் கடை நஷ்டம். இவருக்கோ முப்பத்து மூன்று வயது, கையில் சான்றிதழ் கிடையாது, ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் கிடையாது. விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது. வியர்ட் டேல்ஸ் ஆசிரியர் பதவியே தேடி வந்தபோது, சிகாகோவுக்குக் குடிபோக வேண்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்! (இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.) சோனியா வேலைக்காக வெளியூர் போக, இவர் புரூக்ளினில் ஓர் ஒற்றை அறையில் தங்கினார். 1925 மே மாதம் திருடன் புகுந்து இவருடைய சூட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன் நண்பர்களே. அப்போதுதான் பொது நூலகத்தில் இவர் கதைகளின் இன்னொரு தொகுப்பு கிடைத்தது. அதன் முன்னுரையைப் படித்தேன். அதற்குப் பிறகு நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை.

லவ்கிராஃப்டுக்கு வெள்ளைக்காரர் அல்லாதவர்களைக் கண்டால் ஆகாது. சும்மா அந்தக் காலத்து ஆள், எல்லாரும் அப்படித்தான் என்று தள்ளிவிடுகிற அளவிலும் இல்லை. கறுப்பர்களை மனிதர்களுக்கும் கீழே வைத்து இளமையில் செய்யுளே எழுதியிருக்கிறார். நியூயார்க் தெருவில் பல நாட்டு மக்கள் கூட்டமாக வந்தால் கோபத்தில் இவருக்கு முகமே மாறிவிடும் என்று சோனியாவே பிற்பாடு எழுதினார். யூதர்களை இவர் திட்டும்போதெல்லாம் தானும் யூதப் பெண்தான் என்று அந்த அம்மா ஞாபகப்படுத்த வேண்டியிருந்ததாம். 1925இல் எழுதிய ஒரு கதையில் புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில் பிழைக்க வந்த ஏழைகளையே பிசாசுக் கூட்டமாகக் காட்டியிருக்கிறார். சாமி, பேய் எதையும் நம்பாத மனிதர், ரத்தத்தில் உயர்வு தாழ்வு உண்டு என்பதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறார்!

பதினோரு ராத்திரி அகராதியோடு மல்லுக்கட்டிய என்னை அந்த மனிதர் தெருவில் பார்த்திருந்தால் எதிர்ப்பக்கம் நடந்து போயிருப்பார். எங்கள் ஊரிலும் அப்படி நடந்து போகிறவர்கள் உண்டு, அதனால் அந்த நடை எனக்குத் தெரியும். இனிமேல் அவர் என்று எழுதுவதா, அவன் என்று எழுதுவதா என்றே எனக்குக் குழப்பமாகிவிட்டது.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது ஆயாவிடம் சொன்னேன். ஆயாவுக்கு அமெரிக்காவும் தெரியாது, லவ்கிராஃப்டும் தெரியாது. வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுச்சு. அப்புறம் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத விஷயம். ஆயா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பண்ணை வீட்டில் மாடு மேய்க்கிற வேலையாம். திண்ணையில் ஏற விடமாட்டார்கள். சாயங்காலம் வீட்டுப் பெரியவர் தன் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, இது மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று கேட்குமாம். முனி கதை, கிணற்றுப் பொண்ணு கதை எல்லாம் அங்கே நின்று கேட்டதுதானாம். எங்கள் தெருவே பயந்த கதைகள்! அந்தப் பெரியவரு எப்படிப்பட்ட ஆளுன்னா கேக்குற, அது வேற கதை என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது. நான் திரும்பி வந்து மீதியை எழுத உட்கார்ந்தேன். அவர் என்றே எழுதுகிறேன்.

1926 ஏப்ரலில் நியூயார்க்கை விட்டு பிராவிடன்ஸுக்கே வந்து சேர்ந்தார். சோனியாவோடு குடித்தனம் அதோடு முடிந்தது. பெரியம்மா, சித்தி துணையோடு கடைசிவரை பிறந்த ஊர்தான். வந்த சில மாதத்திலேயே எழுதியதுதான் கதூலுவின் கதை. கடலுக்கு அடியில் தூங்கும் ஒரு பிரமாண்ட ஜந்து. தலையில் ஆக்டோபஸ் மாதிரி கைகள். போனில் கேம் ஆடுகிறவர்கள் யாரோ ஒருவர் அந்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். வியர்ட் டேல்ஸ் அதை முதலில் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு கேட்டு வாங்கி 1928இல் போட்டது. சம்பளம் 165 டாலர். இந்த மனிதருக்குக் கடல் மீன் வாசனையே ஆகாது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்!

நான் பதினோரு ராத்திரி படித்தது அடுத்த வருடம் எழுதியது. தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ் என்று பெயர். எழுதியதில் தனக்கே பிடித்தது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். கதை சொல்பவர் நம்ம சிவில் ஆள், புது நீர்த்தேக்கத்துக்கு அளவெடுக்க வந்த சர்வேயர். ஒரு பண்ணையில் எரிகல் விழுகிறது. அதிலிருந்து ஏதோ ஒரு நிறம், பூமியில் இல்லாத நிறம், கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது. பழம் பெரிதாகக் காய்க்கும், வாயில் வைத்தால் கசக்கும். மாடு, செடி, மனிதர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாக உதிர்கிறார்கள். அது ஏன் வந்தது, என்ன வேண்டும் அதற்கு? யாருக்கும் தெரியாது.

எங்க ஆயா கதையிலும் கிணறு உண்டு. ஆனால் அந்தக் கிணற்றில் இருக்கிற பொண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மாமியார் கொடுமை தாங்காமல் விழுந்தவள். பொங்கல் வைத்து, சேலை சாத்தினால் அடங்கிவிடுவாள். நம்ம ஊர்ப் பேய்க்கு நம்மைத் தெரியும், நம்மோடு பேச்சுவார்த்தை உண்டு. லவ்கிராஃப்டின் கிணற்றில் இருப்பதற்கு மனிதன் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. சாமி, பேய், ஆவி, மறுபிறவி எதையும் அவர் நம்பவில்லை. 1914இல் உள்ளூர்ப் பத்திரிகையில் ஜோசியர் ஒருவரோடு பெரிய சண்டையே போட்டார். இத்தனை பெரிய வானத்தில் நம்மைக் கண்டுகொள்ள யாருமே இல்லை என்பதுதான் அவர் கண்ட பயம். தொலைநோக்கியில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும். எனக்கு மொட்டை மாடியில் படுக்கும்போது தோன்றியது.

அந்தக் கதை வந்தது அமேசிங் ஸ்டோரிஸ் பத்திரிகையில். விஞ்ஞானக் கதைக்கென்றே 1926இல் தொடங்கிய இதழ். அதன் அதிபர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் பலமுறை கேட்ட பிறகு கொடுத்தது 25 டாலர்! அந்தக் கோபத்தில் லவ்கிராஃப்ட் அவருக்கு எலி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்.

பிழைப்பு பெரும்பாலும் அடுத்தவர் கதையைத் திருத்திக் கொடுத்து வந்த காசில்தான். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 சென்ட் வாக்கில் கணக்கு. ரொட்டி, பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த பீன்ஸ். காபியில் சர்க்கரையைக் கரையாத அளவுக்குக் கொட்டிக்கொள்வார். ஐஸ்கிரீம் என்றால் உயிர். 1927இல் பக்கத்து ஊர்க் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து 28 வகை ஐஸ்கிரீமை ருசி பார்த்திருக்கிறார்கள். குளிர் கொஞ்சமும் தாங்காது, விழுந்துவிடுவார். பகலில்கூடத் திரையை மூடி விளக்கு ஏற்றி எழுதுவார். நடுராத்திரி பழைய தெருக்களில் தனியாக நடப்பார். எதிர்ப்படுகிற பூனையிடம் எல்லாம் நின்று பேசுவார். கடைசி வீட்டின் பின்பக்கக் கொட்டகைக் கூரையில் கூடும் பூனைகளுக்கு ஒரு மாணவர் சங்கம் மாதிரி கிரேக்கப் பெயரே வைத்திருந்தார்.

டைப் அடிக்கப் பிடிக்காது. ஆனால் கையால் எழுதிய கடிதங்கள்? 75,000 இருக்கும் என்கிறார்கள், ஒரு லட்சம் என்கிறவர்களும் உண்டு. சில கடிதம் 40, 50 பக்கம் போகும். வாங்கியவர்களில் பலர் நம்ம வயசுப் பையன்கள். ராபர்ட் பிளாக் 1933இல் எழுதத் தொடங்கியபோது வயது 16. நீயும் கதை எழுதேன் என்று தூண்டியது இவர்தான். அந்தப் பையன் தன் கதையில் லவ்கிராஃப்ட் மாதிரி ஒரு பாத்திரத்தைக் கொன்றுபோட அனுமதி கேட்டான். தாராளமாகக் கொடுத்துவிட்டு, 1935இல் இவர் தன் கதையில் அவனைக் கொன்று பழி தீர்த்துக்கொண்டார்! ஹிட்ச்காக்கின் சைக்கோ படம் பிளாக்கின் நாவல்தான். சார்லஸ் ஹார்னிக் என்ற 17 வயதுப் பையன் தி ஃபேன்டஸி ஃபேன் என்று நடத்திய ரசிகர் பத்திரிகைக்குக் காசு வாங்காமல் நீண்ட கட்டுரைத் தொடரே எழுதினார். அதே பத்திரிகையில் ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற 16 வயது ரசிகன் இவருடைய நண்பரின் கதையைத் திட்டியபோது, பெரியவர் என்ற நினைப்பே இல்லாமல் இறங்கிச் சண்டை போட்டார். அந்த அக்கர்மன் பிற்காலத்தில் விஞ்ஞானக் கதை, பயங்கரப் படம் இரண்டுக்கும் உலகத்திலேயே பெயர்போன ரசிகராகி 2008இல் இறந்தார்.

இவர்களில் ஃப்ளோரிடாவில் இருந்த ராபர்ட் பார்லோ பதிமூன்று வயதில் எழுத ஆரம்பித்தவன். 1934இல் அவன் வீட்டுக்கு லவ்கிராஃப்ட் பஸ் ஏறிப் போனார். போய் இறங்கிய பிறகுதான் நண்பனின் வயது அவருக்கே தெரிந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தார்.

1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தார்கள். பள்ளிப் பையனாக இருந்தபோது தேடச் சொல்லிக் கடிதம் போட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! அப்போது எழுதிக்கொண்டிருந்த கதையிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டார். 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அந்தப் புளூட்டோவைப் படம் எடுத்தபோது தெரிந்த பெரிய கறுப்புப் பகுதியை ஆய்வாளர்கள் கதூலு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அதிகாரபூர்வமாக வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைசி வருடங்களில் கருத்துகள் சில மாறின. 1929க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாதவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, பணக்காரர் பக்கமே பேசிவந்தவர் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை ஆதரித்தார். முன்பு எழுதிய அரசியலை நினைத்து வெட்கப்பட்டு எழுதியும் இருக்கிறார். ஆனால் கறுப்பர்கள் விஷயத்தில் மாறினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இன்ஸ்மவுத் என்ற ஊரைப் பற்றிய ஒரு கதை. ரத்தக் கலப்பு நடந்த மீன்முக மனிதர்களைக் கண்டு அருவருத்து ஓடிவரும் இளைஞன், கடைசியில் தன் பாட்டி வழியில் தானும் அந்த இனம்தான் என்று கண்டுபிடிக்கிறான். முதலில் நடுங்குகிறான், பிறகு கடலுக்குள் போய்ச் சொந்தங்களோடு சேரத் தயாராகிறான். அவர் அருவருப்பில்தான் எழுதினார் என்பது தெரிகிறது. ஆனால் நான் படித்தபோது ஊருக்குப் போகிற பையன் மாதிரிதான் எனக்கு அது பட்டது. வாழ்நாளில் அவர் பெயரில் வந்த ஒரே கதைப் புத்தகமும் இதுதான். 1936இல் ஒரு ரசிகர் அச்சடித்தது. எழுத்துப் பிழை மலிந்து கிடந்தது.

1937 தொடக்கத்தில் வயிற்று வலி தாங்க முடியாமல் போனது. சிறுகுடலில் புற்றுநோய். ஆய்வுக்கூட ரெக்கார்டு எழுதுவது மாதிரி தன் உடம்பில் நடப்பதைத் தேதி போட்டுக் குறிப்பெழுதி வந்தார், கை பேனாவைப் பிடிக்கும் வரை. மார்ச் 15ஆம் தேதி இறந்தபோது வயது 46.

ஊரில் அவர் ஓர் எழுத்தாளர் என்பதே பலருக்குத் தெரியாது. கடிதம் வாங்கிய நண்பர்கள் விடவில்லை. ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்டு வான்ட்ரேயும் இவருக்காகவே ஒரு பதிப்பகம் தொடங்கி 1939இல் முதல் தொகுப்பைப் போட்டார்கள். 1,268 பிரதிதான், விற்க வருடக்கணக்கில் ஆனது. பார்லோ பையன் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தி பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தான். அல்ஜீப்ரா வராததால் எந்த வாசலுக்குள் போக முடியவில்லையோ, அதே பல்கலைக்கழகம்! கல்லறையில் தனிக்கல் இல்லாமல் இருந்தது. 1977இல் ரசிகர்கள் காசு போட்டு வைத்தார்கள்.

உலக ஃபேன்டஸி விருது என்று ஒன்று உண்டு. 1975 முதல் அந்த விருதே லவ்கிராஃப்டின் தலை வடிவில்தான் கொடுக்கப்பட்டது. 2011இல் நெடி ஒகோராஃபோர் என்ற நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் அதை வாங்கினார். இந்த மனிதர் கறுப்பர்களைப் பற்றி என்ன எழுதினார் என்று பிறகு தெரியவந்ததும், அந்தத் தலையை வீட்டில் வைத்துக்கொண்டு படுகிற சங்கடத்தை வெளிப்படையாக எழுதினார். மற்றவர்களும் பேசினார்கள். 2015இல் அந்தச் சிலையை நிறுத்துவதாக அறிவித்து, பிறகு வேறு வடிவம் வைத்தார்கள். ஒகோராஃபோர் கதை எழுதுவதை நிறுத்தவில்லை.

அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், கஷ்டமான வார்த்தைகளுக்கு ஓரத்தில் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கணக்குத் தேர்வு முடிந்த பிறகு வாருங்கள்.